ஐயாயிரம் வெள்ளி, இரண்டு லிட்டர் டர்போ

போன மாதம் ஒரு காலை. செய்தி முடிந்து அடுத்த பாட்டு ஏற நாற்பது வினாடி மிச்சம். அந்த இடைவெளியை நிரப்ப வாட்ஸ்அப்பில் வந்திருந்த கேள்வி ஒன்றை எடுத்து வாசித்தேன். “அண்ணே, செகண்ட் ஹேண்ட் கோல்ஃப் ஜிடிஐ எடுத்திருக்கேன். மார்க் செவன். கையில 5,000 வெள்ளி இருக்கு. ஸ்டேஜ் 1 போடவா, எக்சாஸ்ட் மாத்தவா?”

நானும் அதே கார்தான் ஓட்டுகிறேன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். வாய் முந்திக்கொண்டது. “ஸ்டேஜ் 1 போடு தம்பி, சத்தத்துக்குத்தான் காலையில நான் இருக்கேனே!” சிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். பக்கத்தில் இருந்த சக அறிவிப்பாளரும் சிரித்தார்.

பத்தரை மணிக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பையன் 24 வயது என்று எழுதியிருந்தான். ஒன்பது வருடக் கடனில் எடுத்த கார். நான் சொன்ன ஒரு வரியை நம்பி அவன் ஐயாயிரத்தையும் கொண்டுபோய் ஒரு கடையில் வைத்துவிட்டால்? வானொலியில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. பத்திரிகையில் கொஞ்சம் நிதானமாக எழுதலாம். ஆகவே இந்த வாரப் பக்கம் அவனுக்கு. கார் பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் இருப்பது சிரம்பானில். வேலை கோலாலம்பூரில். ஆறு மணி நிகழ்ச்சிக்கு விடிகாலை 4.20-க்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். போக வர ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரண்டு வருடத்துக்கு முன் இந்த வெள்ளை நிற கோல்ஃபை 84,000 கிலோமீட்டரில் வாங்கினேன். “குழந்தை வரப்போற நேரத்துல பந்தயக் காரா?” என்று என் மனைவி கேட்டார். ஐந்து கதவு இருக்கிறது, பின்னால் குழந்தை இருக்கை மாட்டலாம், பூட்டில் தள்ளுவண்டி வைக்கலாம் என்று விளக்கினேன். ஹாட்ச்பேக்கின் அழகே அதுதான். பார்வைக்கு நல்ல பிள்ளை.

உள்ளே இருக்கும் ஆள் வேறு. 2 லிட்டர் டர்போ இஞ்சின், 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.5 வினாடி. அந்த முறுக்குவிசை 1,500 சுற்றிலேயே முழுதாக வந்துவிடும். இன்னும் வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றியது. வாங்கிய மூன்றாவது வாரமே தோன்றியது. விடிகாலை நாலரை மணிக்கு நெடுஞ்சாலை காலியாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

டர்போ என்பது என்ன என்று என் அத்தை ஒருமுறை கேட்டார். ஊதாங்குழல் என்றேன். அடுப்பு எரிய காற்று வேண்டும். ஊதினால் இன்னும் நன்றாக எரியும். இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் கலக்கலாம், சக்தியும் கூடும். ஆனால் காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுவது அதனால்தான். அந்தச் சூட்டைத் தணிக்க நடுவில் இன்டர்கூலர் என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு ஊதலாம், எப்போது தீப்பொறி போடலாம் என்பதையெல்லாம் இசியு என்கிற கணினி முடிவு செய்கிறது.

ஸ்டேஜ் 1 என்றால் அந்தக் கணினியின் கணக்கை மாற்றி எழுதுவது. ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டாம். கம்பியைச் சொருகி அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த இஞ்சினில் 220 குதிரைத்திறன் 300-ஐ ஒட்டி வந்து நிற்கும். சாதாரண டர்போ இல்லாத காரில் இப்படிக் கணக்கை மாற்றினால் பத்து பதினைந்து கூடினால் பெரிது. டர்போ காரில் மட்டும்தான் இந்த மாயம். ஸ்டேஜ் 2-க்குப் போனால் டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்பை மாற்றுவார்கள். அதற்கும் மேலே போகிறவர்கள் டர்போவையே மாற்றுவார்கள். ஜிடிஐயில் இருப்பது சிறியது, கோல்ஃப் ஆர் காரில் வருவது பெரியது, அதை எடுத்து இதில் பொருத்துவது பலருக்குப் பிடித்த வழி.

சரி, தொழிற்சாலைக்காரன் ஏன் அந்த 80 குதிரையை ஒளித்து வைத்தான்? இதற்குப் பதில் எனக்குப் பல்கலைக்கழகத்திலேயே கிடைத்தது. ஊடகப் படிப்பில் ஒலிப்பதிவுப் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள்: ஒலியளவை ஒருபோதும் உச்சிவரை ஏற்றி வைக்காதே. மேலே கொஞ்சம் இடம் விடு. பேசுகிறவர் திடீரென்று சிரிப்பார், இருமுவார், மேசையைத் தட்டுவார். இடம் விடாவிட்டால் ஒலி கிழிந்துபோகும். அந்த இடத்துக்கு ஹெட்ரூம் என்று பெயர்.

கார் செய்கிறவனும் அப்படித்தான் இடம் விடுகிறான். அவன் கார் பாலைவனத்திலும் ஓட வேண்டும், பனியிலும் ஓட வேண்டும். மட்டமான பெட்ரோல் ஊற்றுகிற ஆள் இருப்பான், எண்ணெய் மாற்றாமலே ஓட்டுகிற ஆள் இருப்பான். எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த மிச்சம். ஸ்டேஜ் 1 என்பது அந்த மிச்சத்தை எடுத்துச் செலவழிப்பது. நம் நாட்டில் அதில் ஒரு பகுதியை நாம் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மதியம் 33 டிகிரி வெயில், சுங்கை பீசியில் அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசல், மலிவாகக் கிடைக்கிற ரோன் 95. கார் நிற்கும்போது இன்டர்கூலருக்குக் காற்றே படாது. அது சூட்டை ஊறவைத்த செங்கல் மாதிரி ஆகிவிடும். இந்த நிலையில் உங்கள் காரில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் கணக்கை மாற்றுவது கண்ணை மூடிக்கொண்டு ஒலியளவை ஏற்றுவது போல.

இது அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். ஆனாலும் போனேன். கையில் 8,000 வெள்ளி சேமிப்பு இருந்தது.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒரு கடையில் 3,200 வெள்ளி. இன்னொரு கடையில் 1,200 என்றார்கள். எந்தப் பெட்ரோலுக்கு எழுதிய கணக்கு என்று கேட்டேன், “எல்லாத்துக்கும் ஓகே பாஸ்” என்றார் அந்த ஆள். எல்லாவற்றுக்கும் ஓகே என்று யாராவது சொன்னால் மெதுவாகச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மூன்றாவது இடத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார்கள், 1,400 வெள்ளி. அதை சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் மாட்டுவார்கள். காற்றழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று கணினியிடம் பொய் சொல்லும். கணினி நம்பி இன்னும் ஊதும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பது அதன் நல்ல குணம். இஞ்சினிடம் தினமும் பொய் சொல்லிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

3,200 வெள்ளிக் கடையில் முன்பணம் கட்டுவதற்கு முதல் நாள் எங்கள் ஊர் பட்டறைக்குப் போனேன். அங்கே இருப்பவர் அறுபதைத் தாண்டிய சீனர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். “அங்கிள், நாளைக்கு ஸ்டேஜ் 1 போடப் போறேன், ஒரு தடவை பார்த்துடுங்க” என்றேன். அவர் காரைத் தூக்கி, கீழே குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். இஞ்சினின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் காய்ந்துபோன ஒரு கறை. “தம்பி, இது என்ன தெரியுமா? கூலன்ட். ஒழுகி ஒழுகிக் காஞ்சிருக்கு.”

இந்த இஞ்சின் குடும்பத்தில் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும். வெந்து தணிந்து வெந்து தணிந்து அந்தக் கூடு ஒரு கட்டத்தில் ஒழுகத் தொடங்கும். இது உலகம் முழுக்க இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் என் காரில் ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. குளிர்ச்சி குறைந்த இஞ்சினுக்கு அடுத்த நாள் 80 குதிரையைக் கூடுதலாக ஏற்றியிருப்பேன்.

அங்கிள் நிறுத்தவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றியது என்றார். எனக்குத் தெரியாது, விற்றவர் கொடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை. இதில் இருப்பது ஆறு கியர் டிஎஸ்ஜி, எண்ணெயில் மூழ்கி இருக்கும் இரட்டைக் கிளட்ச். அந்த எண்ணெயை ஒவ்வொரு 60,000 கிலோமீட்டருக்கும் மாற்ற வேண்டும். இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்த கியர்பாக்ஸுக்குத் தயாரித்தவர்களே சொன்ன முறுக்குவிசை அளவு 350 நியூட்டன் மீட்டர். கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 350. அதாவது பேரளவில் பார்த்தால் முழுத் தட்டு. கடைகளில் சேர்க்கப்படுவதெல்லாம் தட்டுக்கு மேலே. ஆரோக்கியமான கியர்பாக்ஸ் அதைத் தாங்குகிறது என்பது அனுபவம். பழைய எண்ணெயோடு, தேய்ந்த கிளட்சோடு இருப்பது வழுக்கத் தொடங்கும். அப்புறம் வரும் பில்லுக்கு முன்னால் 3,200 ஒன்றுமே இல்லை.

பொதுவாக இந்த இடத்தில்தான் நம் பையன்கள் மெக்கானிக் மேல் கோபப்படுவார்கள். நானும் பட்டேன். கூடுதல் வேகம் வாங்கப் போனவனுக்குப் பம்பும் எண்ணெயும் விற்கிறாரே என்று. ஆனாலும் மனம் கேட்கவில்லை. தண்ணீர் பம்பு கூடு 1,650 வெள்ளி, டிஎஸ்ஜி எண்ணெயும் வடிகட்டியும் 780, இஞ்சின் எண்ணெயும் ஸ்பார்க் பிளக்குகளும் 620. மொத்தம் 3,050. கார் முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடியது. மனைவியிடம் வேறுபாடு தெரிகிறதா என்று கேட்டேன். “ஏசி நல்லா குளிருது” என்றார். ஏசியை யாரும் தொடவே இல்லை.

மிச்சமிருந்த 4,950-இல் ஸ்டேஜ் 1 போட்டுவிடலாம் என்றுதான் திட்டம். தேதியும் குறித்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் மாதம், விடிகாலை 4.35 இருக்கும். நீலாய்க்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. பெருமழை. வேகம் 90-க்குக் குறைத்திருந்தேன். வலப்பக்கத் தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. சக்கரம் அதில் ஏறியதும் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிட்டது. பஞ்சு மாதிரி. கார் சாலையில் இல்லை, தண்ணீரின் மேல் இருந்தது. முன்னால் ஒரு லோரியின் சிவப்பு விளக்கு. பிரேக்கில் கால் வைத்தால் சுழன்றுவிடும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து காலை எடுத்தேன். இரண்டு வினாடி இருக்கும். அப்புறம் டயர் தரையைப் பிடித்தது, கார் ஒரு குலுக்கு குலுக்கி நேரானது. லோரிக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை, மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பார்.

அன்று நிகழ்ச்சியில் நான் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தேன் என்று ஒரு நேயர் எழுதியிருந்தார்.

மாலை அப்பா வந்திருந்தார். அப்பா முப்பது வருடம் பாமாயில் டேங்கர் ஓட்டியவர். பாசீர் கூடாங் வரை போய் வருவார். சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன், விடிகாலை லோரியை எடுக்கும் முன் ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். சத்தத்திலேயே காற்று குறைந்த டயரைக் கண்டுபிடிப்பார். நடந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன். திட்டவில்லை. எழுந்துபோய்க் காரின் முன் டயர் அருகே உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தார். “இது கல்லாட்டம் இருக்குடா.” அப்புறம் பக்கவாட்டில் எதையோ தேடி, கைப்பேசி வெளிச்சம் அடிக்கச் சொன்னார்.

டயரின் பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் நான்கு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் காரில் 3417. அதாவது 2017-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். தடம் இன்னும் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு மேல்தான் இருந்தது. பார்த்தால் நல்ல டயர். ஆனால் ரப்பர் இறுகிப் போயிருந்தது. தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளுவது அந்தத் தடத்தின் பள்ளம். தரையைப் பிடித்துக்கொள்வது ரப்பரின் மென்மை. இரண்டுமே எனக்குக் குறைவாக இருந்தது.

ஸ்டேஜ் 1 தேதியை ரத்து செய்தேன். 225/40 ஆர் 18 அளவில் நான்கு புது டயர், அலைன்மென்ட்டோடு 2,720 வெள்ளி. அங்கிளிடம் போய் முன் பிரேக் பேட், பிரேக் எண்ணெய், 940 வெள்ளி. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது அது கொதித்துக் குமிழிவிட்டால் பெடல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. என் காரிலிருந்து எடுத்தது சீனிப்பாகு நிறத்தில் இருந்தது.

8,000-இல் மீதம் 1,290 வெள்ளி. கூடிய குதிரைத்திறன் பூஜ்யம்.

ஆனால் தம்பி, அந்த டயர்களைப் போட்ட பிறகு வந்த முதல் ஞாயிறு, மாமியார் வீட்டுக்கு குவாலா கிளாவாங் போனோம். சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலை ஏறி இறங்க வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. நான் ஓட்டிக்கொண்டிருந்த அதே கார்தான். வளைவில் திருப்பினால் சொன்ன இடத்துக்குப் போனது. பிரேக்கைத் தொட்டால் நின்றது. இத்தனை நாள் நான் ஜிடிஐ என்று நினைத்து ஓட்டியது ஜிடிஐயே இல்லை. அது களைத்துப்போன ஒரு ஜிடிஐ.

மற்றச் சாமான்களைப் பற்றியும் கேட்பாய், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்த ஏர் ஃபில்டர் நல்ல சத்தம் தரும். ஆனால் மூடியில்லாமல் இஞ்சின் அறையின் சூடான காற்றை இழுத்தால் நம் ஊர் வெயிலில் நட்டம்தான். கியர் மாறும்போது “புஸ்ஸ்” என்று அடிக்கும் வால்வு உன் நண்பர்களுக்கானது, உனக்கு ஒரு குதிரைகூடத் தராது. இறக்கிவைக்கும் ஸ்பிரிங், தாமானுக்குள் எத்தனை பம்ப் இருக்கிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய். பின்பக்க ஆன்டி ரோல் பாரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். முன் சக்கரம் இழுக்கும் கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளும். அந்தக் குணத்தை இது நன்றாகவே குறைக்கும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது. பெரிய இன்டர்கூலர், நீ அடிக்கடி செப்பாங் போய் ஓட்டுகிறவன் என்றால் வாங்கு. 5.543 கிலோமீட்டர் சுற்று, இரண்டு நீண்ட நேர்ப்பாதை. தொழிற்சாலை இன்டர்கூலர் அங்கே மூச்சு வாங்கும். வேலைக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவனுக்கு அவசரமில்லை.

எக்சாஸ்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நீ அதையும் கேட்டிருந்தாய். நான் கிளம்புவது 4.20-க்கு. பக்கத்து வீட்டில் பாட்டி ஒருவர் இருக்கிறார், மெல்லிய தூக்கம். என் காருக்கு எக்சாஸ்ட் மாற்றினால் அந்தத் தெருவே என் நிகழ்ச்சி தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே விழித்துக்கொள்ளும். டவுன்பைப் இன்னும் பெரிய விவகாரம். அதில் பலரும் புகையைச் சுத்திகரிக்கும் பகுதியையே எடுத்துவிடுகிறார்கள். பின்னால் வருகிறவன் மூக்குக்கு அது தெரியும். வாகனத்தின் அமைப்பை மாற்ற ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் வழி நடைமுறையில் இருப்பது. இஞ்சினையே மாற்றினால் புஸ்பாகோம் சோதனை, கிராண்ட்டில் எண் மாற்றம் எல்லாம் உண்டு. சாலைத் தடுப்பில் நின்று “எல்லாரும் போடுறாங்க சார்” என்று சொல்வது பதிலாகாது. காப்புறுதி நிறுவனத்திடமும் எதை மாற்றினாலும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். விபத்து நடந்த பிறகு அவர்களே கண்டுபிடித்தால் இழப்பீடு கைக்கு வராமல் போகலாம். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்.

இவ்வளவும் சொல்கிற நான் கடைசியில் ஸ்டேஜ் 1 போட்டேனா?

போட்டேன். இந்த வருடம்தான். அதற்குள் மறுபடியும் சேமித்தேன், காரும் அங்கிளின் கையில் மூன்று சர்வீஸ் பார்த்திருந்தது. 3,200 கடைக்கே போனேன். இந்த முறை கேட்க வேண்டியதைக் கேட்டேன். எந்தப் பெட்ரோலுக்கு எழுதிய கணக்கு? ரோன் 97. பழைய கணக்கைப் பத்திரமாக எடுத்து வைப்பீர்களா? வைப்போம். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே டைனோ எந்திரத்தில், ஒரே நாளில் அளந்து காட்டுவீர்களா? அதற்கு 200 கூடுதல். கொடுத்தேன். கியர்பாக்ஸ் கணினிக்கும் சேர்த்துக் கணக்கு எழுதுவீர்களா, முறுக்குவிசையை எங்கே நிறுத்துவீர்கள்? இந்தக் கேள்விக்கு அந்த இளைஞர் ஐந்து நிமிடம் பதில் சொன்னார். உச்ச எண்ணை வாங்க வேண்டாம், கீழே கொஞ்சம் மென்மையாகவே எழுதுகிறேன், கிளட்ச் நீண்ட நாள் இருக்கும் என்றார். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் காசு கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

ரோன் 97 விலை மாறிக்கொண்டே இருக்கும், ரோன் 95-ஐவிட எப்போதும் மேலேதான். மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு அது உறைக்கிறது. ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தீப்பொறி வரும்வரை பொறுமையாக இருக்கும் அளவு. அழுத்தம் கூடக் கூட அந்தப் பொறுமை அதிகம் வேண்டும். 97-க்கு எழுதிய கணக்கில் 95 ஊற்றினால் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கப் பார்க்கும். கணினி அதைக் காதில் வாங்கி உடனே சக்தியைக் குறைக்கும். குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 3,200 கொடுத்து ஏற்றியதை எண்ணெய் நிலையத்தில் இறக்குவதற்குப் பேசாமல் பழையபடியே வைத்திருக்கலாம். ஆகவே மாதாந்திரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு, ஒருமுறைச் செலவை மட்டும் பார்க்காதே.

எப்படி இருக்கிறது என்றால், நன்றாக இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன். புக்கிட் தங்கா ஏற்றத்தில் மூங்கில் ஏற்றிய லோரியை முந்தும்போது கார் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது. எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறைகிறது. ஆனால் நெடுஞ்சாலையில்? வேக வரம்பு 110. 220 குதிரையிலும் 110, 300 குதிரையிலும் 110. நாலரை மணிக்கு நான் வலப்பக்கத் தடத்துக்கு இப்போது போவதே இல்லை, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஈரமான சாலையில் சிக்னலிலிருந்து கொஞ்சம் அழுத்தினால்கூடப் புது டயரே சுழன்று மஞ்சள் விளக்கு மினுக்குகிறது. அந்தப் பழைய கல் டயரோடு இதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விரும்பவில்லை.

இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கும் முன் அந்தப் பையனுக்கு நானே செய்தி அனுப்பினேன். “தம்பி, காலையில சொன்னது விளையாட்டுக்கு. காசைக் கடையில கொடுத்துட்டியா?”

“இன்னும் இல்லண்ணே. சனிக்கிழமை போறேன்.”

“போறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய். நாலு டயர்லயும் டாட்டுன்னு ஒரு வரி இருக்கும். கடைசி நாலு நம்பரைப் படம் எடுத்து அனுப்பு. அப்படியே பானெட்டைத் திறந்து இஞ்சின் ஓரத்துல இளஞ்சிவப்பா ஏதாவது காஞ்சிருக்கான்னு பாரு.”

இருபது நிமிடம் கழித்து நான்கு படம் வந்தது. முன் இரண்டும் 0922. பரவாயில்லை. பின் இரண்டும் 1116. இஞ்சின் ஓரம் சுத்தமாகத்தான் இருக்கிறதாம். கீழே ஒரு வரி: “அண்ணே, பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா ஸ்டேஜ் 1-க்குக் காசு பத்தும்ல?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தும். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினாய் என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.